தவாவும் வேணும், துவாவும் வேணும்... டாக்டர்கிட்ட மனசுவிட்டுப் பேச ஏர்வாடி சொல்லும் பாடம்!

'சொன்னா டாக்டர் திட்டுவாரோ?' - இந்தப் பயத்துலயே பாதி விஷயத்தை மறைச்சிடுறோம். மனநலப் பிரச்னைன்னா கேட்கவே வேண்டாம். இதுக்கு என்ன விலை கொடுக்கணும்னு ராமநாதபுரம் மாவட்டத்துக்கு நல்லாவே தெரியும்.

2001 ஆகஸ்ட் 6. கீழக்கரை பக்கத்துல இருக்கும் ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகையில் அதிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. காப்பகங்கள் மூடப்பட்டன.

ஆனாலும், குணமாகும்னு நம்பி தர்காவுக்கு வரும் குடும்பங்கள் குறையலை. 'இங்கே வராதீங்க'ன்னு சொன்னா யார் கேட்பாங்க? அதனால மருத்துவமே தர்காவைத் தேடிப் போனது. அதுதான் 'தவா - துவா' திட்டம். தவான்னா மருந்து; துவான்னா பிரார்த்தனை. குஜராத்தின் உனாவா தர்காவில் முன்பே நடந்த முறை இது. தொழுகை ஒருபக்கம், மாத்திரை ஒருபக்கம். நம்பிக்கையைக் கிண்டல் பண்ணாத டாக்டர்கிட்டதான் ஜனங்க உண்மையைச் சொல்வாங்க.

சட்டம் என்ன சொல்லுது?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி, எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதற்குத் தடை (பிரிவு 95). என்ன நோய், என்ன சிகிச்சை, என்ன பக்கவிளைவு என்பதை உங்களுக்குப் புரியுற மொழியில் தெரிஞ்சுக்கிறது உங்க உரிமை (பிரிவு 22). நீங்க சொன்னதை ரகசியமா வெச்சுக்கணும் (பிரிவு 23).

டாக்டர்கிட்ட சொல்லவேண்டியவை

* தூக்கம், பசி, பயம் எப்போ மாற ஆரம்பிச்சது?
* நாட்டு மருந்து, மது, வேற மாத்திரை எடுக்கிறீங்களா? மறைக்காதீங்க. ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தா ஆபத்தாகலாம்.
* கடலுக்குப் போற வேலையா? சில மாத்திரை தூக்கக் கலக்கம் தரும். கண்டிப்பா சொல்லுங்க.

கேட்கவேண்டியவை

* மாத்திரை எப்போ வேலை செய்ய ஆரம்பிக்கும்? மனச்சோர்வு மாத்திரைகளுக்குச் சில வாரங்கள்கூட ஆகலாம்.
* எவ்வளவு நாள் சாப்பிடணும்? 'சரியாயிடுச்சு'ன்னு நீங்களா நிறுத்தாதீங்க.

நேர்ல பேசத் தயக்கமா? 14416-க்கு போன் பண்ணுங்க. டெலி மானஸ் உதவி எண் இது. 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.