நாணயமும் நம்பிக்கையும்

பணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் நாவில் தமிழைவிட ஆங்கிலமே முந்திக்கொண்டு வருகிறது. ரொக்கம் 'கேஷ்' ஆயிற்று. கடன் 'லோன்' ஆயிற்று. கடைக்குப் போவது 'ஷாப்பிங்' ஆயிற்று. ஆங்கிலம் படித்திராத மூதாட்டியும் 'பேங்க்', 'செக்', 'ஃபீஸ்' என்ற சொற்களைத் தடையின்றி வழங்குகிறார். இச்சொற்களை நாம் வாங்கிக்கொண்டோம். அவற்றின் வரலாற்றை வாங்கிக்கொள்ளவில்லை. பல கைகள் மாறித் தேய்ந்த காசில் அரசனின் முகம் தெரிவதில்லை. அதுபோலவே, நாள்தோறும் புழங்கித் தேய்ந்த இச்சொற்களிலும் ஒரு முகம் மறைந்து கிடக்கிறது. அது யாருடைய முகம் என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கிலத்தின் பணச் சொற்கள் ஒரே காலத்தில் பிறந்தவை அல்ல. அவற்றுள் அடித்தளமாய்க் கிடப்பவை ஆங்கிலோ-சாக்சன் மக்களின் ஊர்ப்புறச் சொற்கள். அவர்கள் மாட்டையும் செல்வத்தையும் 'ஃபெயோ' என்ற ஒரே சொல்லால் குறித்தார்கள். பள்ளியிலும் மருத்துவமனையிலும் நாம் கட்டுகின்ற 'ஃபீஸ்' அதே சொற்குடும்பத்தைச் சேர்ந்தது. இலத்தீனிலும் கால்நடையைக் குறித்த சொல்லிலிருந்தே பணத்தைக் குறிக்கும் 'பெக்கூனியா' பிறந்தது. 'மாடு' என்னும் சொல்லைச் செல்வம் என்ற பொருளில் ஆண்ட திருக்குறளைக் கற்ற நமக்கு இது வியப்பாயிராது. நம்மை நின்று சிந்திக்க வைப்பது வேறொரு சொல். இன்று விற்பதைக் குறிக்கும் 'செல்' என்பதன் பழைய வடிவத்துக்குக் 'கொடுத்தல்' என்பதே பொருள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கில நற்செய்தி மொழிபெயர்ப்பில், ஆண்டவர் கற்பித்த செபத்தில் அன்றாட உணவைத் தந்தருளுமாறு வேண்டும் இடத்தில் நிற்பது இந்தச் சொல்லே. விலைபேசுவதற்கு முன்னால் கொடுத்தல் இருந்தது என்று அந்த மொழி நினைவு வைத்திருந்தது.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி அமர்ந்தது. 'மணி', 'பிரைஸ்', 'ரென்ட்', 'பே' ஆகிய சொற்கள் அவ்வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தவை. இவற்றுள் 'பே' என்பதன் வேரைத் தோண்டினால் 'பாக்ஸ்', அதாவது அமைதி என்னும் இலத்தீன் சொல்லில் போய் நிற்கிறோம். வரவேண்டியது வராமல் மனம் குமுறிக்கொண்டிருப்பவரை அமைதிப்படுத்துவது எதுவோ அதுவே கொடுப்பனவு. கூலியைக் காலந்தாழ்த்துகிறவர் பணத்தை மட்டும் அன்று, ஒரு குடும்பத்தின் அமைதியையும் சேர்த்தே பிடித்து வைக்கிறார் என்று அச்சொல் இன்றும் சாட்சி சொல்கிறது.

அக்காலத்தில் கணக்கை எப்படி வைத்தார்கள்? எழுத்தறியாதோர் மிகுந்த நாட்டில் மரக்குச்சியே ஏடு. பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் அரசுக் கருவூலத்தில் 'டாலி' என்ற குச்சிகள் வழங்கின. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகல வெட்டு. நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் அகலம். இருபது பவுண்டுக்குச் சுண்டுவிரல் அகலம். ஒரு பவுண்டுக்கு முற்றிய வாற்கோதுமை மணியின் அளவு. வெட்டுகளை இட்டபின் குச்சியை நெடுக்காகப் பிளப்பார்கள். பணம் செலுத்தியவர் நீண்ட பாதியை வைத்துக்கொள்வார். அதற்கு 'ஸ்டாக்' என்று பெயர். மறுபாதி கருவூலத்தில் இருக்கும். இரு பாதிகளையும் சேர்த்துப் பார்த்தால் வெட்டுகள் பொருந்தவேண்டும். மரத்தின் இழையும் பொருந்தவேண்டும். ஒருவர் மற்றவரை ஏமாற்ற இயலாது. கணக்கு இருவரிடமும் பாதிப் பாதியாக இருந்தது என்பதே இம்முறையின் அழகு. கட்டம் போட்ட துணியை மேசைமேல் விரித்து எண்ணியதால் கருவூலத்துக்குச் சதுரங்கப் பலகையின் பெயரே அமைந்தது. நாம் எழுதும் 'செக்' அந்தச் சொற்குடும்பத்தின் இளைய உறுப்பினர். வழக்கொழிந்த டாலிக் குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் உலைகளில் இட்டு எரித்தபோது, தீ கட்டுக்கடங்காமல் பரவி அந்த மாளிகையின் பெரும்பகுதியையே அழித்தது.

இனி, இன்று நம் இல்லங்களில் மிகுதியாக ஒலிக்கும் 'கிரெடிட்' என்ற சொல்லைக் காண்போம். இதன் வேர் 'கிரேதோ'. ஞாயிறுதோறும் நாம் அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் இலத்தீனில் தொடங்குவது இச்சொல்லில்தான்: நான் நம்புகிறேன். கடன் கொடுப்பவர் முதலில் கொடுப்பது பணம் அன்று, நம்பிக்கை. கடனாளியின் பக்கமும் இப்படியே. ஆங்கிலத்தில் கடன்பட்டிருத்தலைக் குறிக்கும் 'ஓ' என்ற வினையின் பழைய இறந்தகால வடிவமே, செய்யவேண்டியது என்று அறநெறியைச் சுட்டும் 'ஆட்' என்ற சொல். நம் மொழியில் கடன் என்றால் திருப்பித் தரவேண்டிய பணம்; கடமை என்றும் பொருள். வெகுதொலைவில் வாழ்ந்த இரு மக்கள் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே உண்மையைக் கண்டடைந்தனர் எனலாம்.

ஆயினும் இவ்வரலாற்றை அழகாகவே சொல்லிச் செல்வது நேர்மை ஆகாது. கடனுக்கு மேற்பட்டு ஒரு காசு பெறுவதும் பாவம் என்று இடைக்காலத் திருச்சபை கற்பித்தது. 1179இல் கூடிய மூன்றாம் இலாத்தரன் சங்கம், வெளிப்படையாக வட்டித் தொழில் செய்வோருக்குக் கிறிஸ்தவ அடக்கத்தையும் மறுத்தது. ஏழையைக் காக்கவே அச்சட்டம் எழுந்தது. ஆனால் கடன் இல்லாமல் அரசரும் பிரபுக்களும் வாழ இயலவில்லை. பிற தொழில்கள் பலவற்றினின்றும் விலக்கப்பட்ட யூதர்கள் அத்தொழிலுக்குள் தள்ளப்பட்டனர். பின்பு அதற்காகவே வெறுக்கப்பட்டனர். 1190 மார்ச்சில் யார்க் நகரின் யூதர்கள் அரச கோட்டைக் கோபுரத்தில் அடைக்கலம் புகுந்து, முற்றுகையில் சிக்கி மாண்டனர். பலர் கலகக்காரரின் கையில் அகப்படுவதைவிடத் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அதன்பின் அக்கும்பல் சென்ற இடம் எது? பேராலயம். அங்கே பாதுகாப்பாக வைக்கப்பட்டிருந்த கடன் பத்திரங்களை எடுத்து, ஆலயத்துக்குள்ளேயே எரித்தார்கள். முன்னின்று நடத்தியவர்களுள் கடன்பட்ட பிரபுக்களும் இருந்தனர். கடன் கொடுத்தவரின் முகத்தை அழித்துவிட்டால் கடனும் அழியும் என்று அவர்கள் எண்ணினார்கள். 1290இல் யூதர் அனைவரும் இங்கிலாந்தைவிட்டே துரத்தப்பட்டனர். இப்பக்கத்தை நாம் புரட்டாமல் விட்டுவிடலாகாது.

'இன்டரஸ்ட்' என்ற சொல் உருவான சூழலும் இதுவே. கடன் கொடுத்தவருக்கு உண்மையிலேயே நேர்ந்த இழப்புக்கு ஈடு பெறலாமா என்று திருச்சபைச் சட்ட அறிஞர்கள் ஆராய்ந்தனர். அந்த ஈட்டை 'இன்டரெஸ்ஸே' என்ற இலத்தீன் சொல்லால் குறித்தனர். இடையே இருப்பது என்பது அதன் நேர்ப்பொருள். இருவருக்கும் இடையே நேர்ந்த இழப்பைச் சரிசெய்வது வேறு, ஒருவரது இல்லாமையில் இலாபம் காண்பது வேறு என்பதே அவர்கள் வகுத்த எல்லை. பிரான்சிஸ்கன் துறவிகளின் தூண்டுதலால் 1462இல் இத்தாலியின் பெரூஜா நகரில் ஏழைகளுக்கான அடகுக்கடை தொடங்கப்பட்டது. நிர்வாகச் செலவுக்காகச் சிறு தொகை பெறுவது வட்டிக் கொடுமை ஆகாது என்று 1515இல் ஐந்தாம் இலாத்தரன் சங்கம் அறிவித்தது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் 1545ஆம் ஆண்டுச் சட்டம் பத்து விழுக்காடு வரை இசைவளித்தது. 1552இல் அது நீக்கப்பட்டது. 1571இல் மீண்டும் வந்தது. மனச்சான்று தடுமாறிய தடம் இந்த ஆண்டுகளில் தெரிகிறது.

வீட்டுக் கடனைக் குறிக்கும் 'மார்ட்கேஜ்' என்ற சொல்லின் பொருள் அச்சந்தருவது: செத்த அடமானம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிளான்வில் பெயரால் வழங்கிய சட்ட நூல் இதை விளக்குகிறது. கடன் கொடுத்தவர் நிலத்தை வைத்துக்கொண்டு விளைச்சலை அனுபவிப்பார். அந்த விளைச்சல் கடனில் ஒரு காசையும் குறைக்காது. நிலம் உழைக்கும், கடன் அப்படியே கிடக்கும். ஆகவே அது செத்த அடமானம். விளைச்சல் கடனில் கழியுமானால் அது உயிருள்ள அடமானம். முன்னதை ஒருவகை வட்டிக் கொடுமை என்றே அந்நூல் கருதியது. குருக்கள் இவ்வாறு கடன் கொடுப்பதை 1163இல் தூர்ஸ் சங்கம் கண்டித்தது. பின்னாளில், குறித்த நாள் தவறினால் நிலமே கைவிட்டுப் போகும் என்ற கடுமையும் சேர்ந்தது. அப்போது மனச்சான்றின் மன்றம் எனப்பட்ட சான்சரி நீதிமன்றம் குறுக்கிட்டது. நாள் கடந்தாலும் கடனைச் செலுத்தி நிலத்தை மீட்கும் உரிமை கடனாளிக்கு உண்டு என்று பதினேழாம் நூற்றாண்டில் அது நிலைநாட்டியது. இந்த உரிமை கடல்கடந்து நம்மிடமும் வந்தது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 60ஆம் பிரிவு அடமானம் வைத்தவரின் மீட்புரிமையைச் சொல்கிறது. 'ரிடீம்' என்ற ஆங்கிலச் சொல்லும் 'மீட்பு' என்ற தமிழ்ச் சொல்லும் அடகு வைத்த நகைக்கும் ஆன்மாவுக்கும் ஒருசேரப் பொருந்துவன. கைவிட்டுப் போனதைத் திரும்பப் பெற வழியுண்டு என்ற செய்தியை ஏழை எங்கே கேட்டாலும் அது நற்செய்தியே.

ஆங்கிலத்தின் இக்கருவூலத்தில் நம் காசும் உண்டு. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' தமிழ்க் காசிலிருந்து பிறந்தது என்று பலர் பெருமையுடன் கூறுவர், அது சரியன்று. அச்சொல் பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. ஆனால் கீழைநாட்டுச் சிறு நாணயத்தைக் குறிக்கும் மற்றொரு 'கேஷ்' ஆங்கிலத்தில் உண்டு. அதுவே நம் காசு, போர்த்துகீசியர் வாய்வழியாகச் சென்றது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் கணக்கு வைத்தது. 1818இல் ரூபாய் அவ்விடத்தைப் பிடித்தது. பெட்டியில் பிறந்த சொல்லும் நம் மண்ணில் பிறந்த சொல்லும் ஒரே உருக்கொண்டு ஒரே அகராதியில் அடுத்தடுத்து நிற்கின்றன.

தேய்ந்த காசைத் துடைத்துப் பார்த்துவிட்டோம். அதில் தெரிவது அரசனின் முகம் அன்று, அடுத்திருப்பவரின் முகம். கொடுத்தல், அமைதி, நம்பிக்கை, கடமை, மீட்பு: இவை யாவும் இருவர் இல்லாமல் நிகழாதவை. அம்முகம் மறைந்தபோதெல்லாம் கொடுமை புகுந்தது. கடன் வாங்கியவரும் அதைச் செய்தார், கொடுத்தவரும் செய்தார். கந்து வட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. இன்று கடன் அட்டையை நீட்டும்போதும் கைப்பேசியில் விரல் வைத்துத் தவணைக்கு இசையும்போதும் எதிரே எவரும் இருப்பதாகத் தோன்றுவதில்லை. ஆயினும் நமக்குக் கொடுத்தவர் உண்டு. நம் சம்பளத்தை நம்பி வீட்டில் இருப்பவர்கள் உண்டு. நம்மிடம் கூலி பெறவேண்டியவரும் உண்டு. தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்ற ஒரே சொல்லை நம் முன்னோர் வைத்தார்கள். முன்னதைப் பெருக்க நாம் படும் பாட்டில் பின்னது குறையாமல் பார்த்துக்கொள்வது நம் கடன்.