காணாத கோளும் கண்காணாக் கடவுளும்

மலர்க் குழுவினர் "வரலாற்றுக் கட்டுரை ஒண்ணு வேணும் சார்" என்று கேட்டபோது, கல்லூரியின் வரலாற்றைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். அதை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நான் இயற்பியல்காரன். ஆகவே, 1975-இல் நம் விடுதி மெஸ்ஸில் தொடங்கி இன்னும் முடியாத ஒரு வாக்குவாதத்தை, அறிவியல் வரலாற்றைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இங்கே தொடர்கிறேன். பழைய நண்பர்கள் பொறுத்தருள்க. இன்றைய மாணவச் செல்வங்கள் இடையிலே புகுந்து சண்டை போடலாம்.

என் அறை நண்பன் வேதியியல் மாணவன். விடியற்காலையில் குளித்து, விடுதி வாசலில் இருந்த பிள்ளையாரைக் கும்பிட்ட பிறகுதான் அவனுக்குக் காபி இறங்கும். நானோ ஊரில் நடக்கும் பகுத்தறிவுக் கூட்டம் ஒன்று விடாமல் கேட்டுவிட்டு வந்து, மறுநாள் மெஸ்ஸில் அதை ஒப்பிப்பவன். "கடவுளைப் பார்த்திருக்கியாடா?" என்பேன். "நீ எலக்ட்ரானைப் பார்த்திருக்கியா? வாத்தியார் சொன்னார், நம்புறே. எனக்கு எங்க அம்மா சொன்னாங்க, நம்புறேன். ரெண்டும் ஒண்ணுதான் போடா" என்பான். மேஜையைச் சுற்றிக் கைதட்டல் எழும். அவனுக்குத்தான்!

அவன் சொன்னதில் பாதி உண்மை என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன். தனி ஊசல் சோதனை எல்லாருக்கும் நினைவிருக்கும். எனக்கு புவியீர்ப்பு முடுக்கம் 1040 வந்தது. புத்தகத்தில் 980. நான் என்ன செய்தேன்? 980 வரும்படி பின்னாலிருந்து கணக்குப் போட்டு, ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதிக் கையெழுத்து வாங்கினேன். கண்ணெதிரே ஆடிய ஊசலைவிட அச்சில் வந்த எண்ணை நம்பினவன் நான். இது வேதவாக்கு அல்லாமல் வேறென்ன? (அந்த நோட்டில் கையெழுத்திட்ட ஆசிரியருக்கும் விஷயம் தெரிந்திருக்கும் என்பது வேறு.)

ஆக, ஒரு மாணவன் அறிவியலை ஏற்பதும் பக்தன் கடவுளை ஏற்பதும் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. வேறுபாடு தெரிய வேண்டுமானால், நம்பினது பொய்த்துப் போகும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு லெவெரியே என்ற பிரெஞ்சு வானியலாளரின் கதையைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை.

1781-இல் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டுபிடித்தார். அது நியூட்டனின் விதிப்படி போக வேண்டிய பாதையில் சரியாகப் போகவில்லை. அதற்கு அப்பால் கண்ணுக்குப் படாத ஒரு கோள் இருந்து இழுக்கிறது என்று கருதி, அது எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பாரிசில் காகிதத்திலேயே கணக்கிட்டார் லெவெரியே. இங்கிலாந்தில் ஆடம்ஸும் தனியாக இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். லெவெரியேயின் கடிதம் 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லினில் காலே என்பவர் கைக்குக் கிடைத்தது. அன்றிரவே அவரும் தாரே என்ற மாணவரும் தொலைநோக்கியைத் திருப்பினார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள்ளேயே நின்றது, விண்மீன் வரைபடத்தில் இல்லாத ஓர் ஒளிப்புள்ளி. அதுதான் நெப்டியூன். யாரும் பார்க்காத ஒன்றை இருக்கிறது என்று சொல்லி, இடமும் சொல்லி, அது அங்கேயே இருந்தும் விட்டால் அந்த மனிதரை உலகம் எப்படிக் கொண்டாடியிருக்கும்!

அடுத்து அவர் புதனை எடுத்துக்கொண்டார். புதன் சூரியனுக்கு மிக அருகே வரும் இடம் சிறுகச் சிறுக நகர்ந்துகொண்டே இருக்கிறது. மற்றக் கோள்களின் இழுப்பையெல்லாம் கணக்கில் கொண்ட பிறகும், நூறாண்டுக்கு 38 வில்விநாடி மிச்சம் என்று 1859-இல் அறிவித்தார் (பின்னர் இது 43 என்று திருத்தப்பட்டது). ஒரு பாகையை 3600 கூறு போட்டால் ஒரு கூறுதான் ஒரு வில்விநாடி. இத்துனூண்டு பிசகு! ஆனாலும் அவர் விடவில்லை. முன்பு பலித்த அதே வழிதான்: சூரியனுக்கும் புதனுக்கும் இடையே காணாத கோள் ஏதோ இருக்க வேண்டும்.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஒரு கிராமத்து டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது. பெயர் லெஸ்கர்போ. மார்ச் 26 அன்று சூரியனின் முகத்தைக் கறுப்புப் புள்ளி ஒன்று கடந்து போனதைத் தாம் பார்த்ததாக எழுதியிருந்தார். லெவெரியே உடனே ரயிலேறி அந்த ஊருக்குப் போய் டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்தார். விநாடி எண்ண டாக்டரிடம் இருந்தது பட்டு நூலில் கட்டித் தொங்கவிட்ட தந்தப் பந்து. நம் ஆய்வுக்கூட ஊசலேதான்! கணக்குகளை மரப்பலகையில் எழுதி, இடம் தீர்ந்ததும் இழைப்புளியால் இழைத்துவிட்டு மறுபடி எழுதுவாராம். இவ்வளவையும் கேட்டும் லெவெரியே நம்பினார். டாக்டருக்கு அரசு விருது கிடைத்தது. கோளுக்கு வல்கன் என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

பார்த்தோம் என்று சொன்னவர்களுக்குப் பஞ்சமில்லை. அதே நேரத்தில் பிரேசிலிலிருந்து சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்த லியே என்ற வானியலாளர் மட்டும், அப்படி எதுவும் கடக்கவில்லை என்று அடித்துச் சொன்னார். 1877 மார்ச்சில் வல்கன் சூரியனைக் கடக்கும் என்று லெவெரியே குறித்துக் கொடுத்தார். பலரும் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 23 அன்று அவர் காலமானார். நெப்டியூன் அகப்பட்ட அதே தேதி, 31 ஆண்டு கழித்து. கடைசி வரை வல்கன் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை போகவில்லை.

மறு ஆண்டு அமெரிக்கக் கிரகணத்தில் வாட்சன், ஸ்விஃப்ட் என்ற இரு தேர்ந்த வானியலாளர்கள் பார்த்ததாகவே அறிவித்தார்கள். பிறகு 1901, 1905, 1908 கிரகணங்களில் லிக் ஆய்வகத்தார் படமெடுத்துத் தேடினார்கள். இல்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தம் பொதுச் சார்பியல் கொள்கையைக் கொண்டு புதனின் கணக்கைப் போட்டார். எந்தக் கோளையும் கூட்டிச் சேர்க்காமல் 43 வந்தது. பின்னாலிருந்து போட்ட கணக்கல்ல, என்னைப் போல! வல்கன் அத்தோடு சரி. அதற்காக யாரும் மதம் மாறவில்லை, ஊர்விலக்குச் செய்யப்படவுமில்லை. பாடப்புத்தகத்திலிருந்து பெயரை எடுத்தார்கள், அவ்வளவே.

வேறுபாடு இங்கேதான் என்று எனக்குப் படுகிறது. லெவெரியே என்ற தனிமனிதருக்கு வல்கனை விட மனம் வரவில்லை. பக்தனின் பிடிவாதத்துக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ஆனால் அவர் இடத்தையும் நாளையும் குறித்துக் கொடுத்திருந்தார். அதை வைத்து மற்றவர்கள் அவரைத் தோற்கடிக்க முடிந்தது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் கழக எழுத்தர் ராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தம் சூத்திரங்கள் நாமக்கல் நாமகிரித் தாயார் அருளியவை என்பது அவர் நம்பிக்கை. ஹார்டியோ பெயர்போன நாத்திகர். கடிதத்தில் இருந்தவற்றுள் பல ஹார்டியைப் பிரமிக்க வைத்தன. ஆனால் பகா எண்களைப் பற்றிச் சொல்லியிருந்தது தவறு என்று தெரிந்தது. ராமானுஜன் தாயாரைக் கைவிட்டாரா? இல்லை. தவறிய சூத்திரத்தைத் தாயார் தந்தது என்று காப்பாற்ற முடிந்ததா? அதுவும் இல்லை. ஒரே தலைக்குள் இரண்டும் இருந்தன. ஒன்றுக்கு நிரூபணம் வேண்டும். மற்றது நிரூபணத்துக்குக் காத்திருக்கவில்லை.

ஆனால் ஒன்று. "சர்க்கரைக்கு மாத்திரையை நிறுத்து, என் திருநீறு போதும்" என்று ஒருவர் சொன்னால், அவரும் லெவெரியே மாதிரி நாள் குறித்துக் கொடுத்தவர்தான். அவரை ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் நிறுத்துவதில் எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. "இது என் நம்பிக்கை, கேள்வி கேட்காதே" என்று அவர் ஒதுங்க முடியாது.

இதெல்லாம் எனக்கு 1976-இல் தெரியாது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் நண்பனின் அம்மாவுக்கு உடம்பு மிக மோசமாயிற்று. நாற்பத்தெட்டு நாள் விரதம் என்று ஒருவேளைச் சாப்பாட்டோடு இருந்தான். முப்பதாம் நாள் வாக்கில் தந்தி வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து விடுதிக்குத் திரும்பியவன், மறுநாள் காலையில் வழக்கம்போல் குளித்துவிட்டுப் பிள்ளையார் முன்னால் போய் நின்றான். மெஸ்ஸில் பத்துப் பேர் இருக்கும்போது நான் சொன்னேன்: "உன் கருதுகோள் தோத்துப் போச்சேடா. இன்னும் என்ன கும்பிடு?"

அன்று யாரும் கை தட்டவில்லை. அவன் பதில் சொல்லவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டான். அதன் பிறகு தேர்வு முடியும்வரை பேசினோம், சிரித்தோம், பரஸ்பரம் நோட்டு வாங்கிக்கொண்டோம். அந்த வாக்குவாதத்தை மட்டும் அவன் திரும்ப எடுக்கவே இல்லை.

அம்மா பிழைப்பாள் என்று அவன் யாரிடமும் நாள் குறித்துக் கொடுக்கவில்லை. அவனை அப்படிக் குறித்துக் கொடுத்தவனாக நானாகவே ஆக்கிக்கொண்டு, தோற்றுவிட்டான் என்று தீர்ப்பும் சொன்னேன். கல்லூரியில் பாடம் நடத்திய முப்பது ஆண்டில் வல்கன் கதையை எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அவனிடம் சொன்னதில்லை. இந்தச் சந்திப்புக்கு வருவதாக மலர்க் குழுவுக்குப் பதில் எழுதியிருக்கிறானாம். மெஸ் இருந்த இடத்தில் இப்போது கணினிக் கூடம். பிள்ளையார் அங்கேயேதான் இருக்கிறார் என்று கேள்வி. காலையில் சீக்கிரமே போய், அவன் வரும்வரை அங்கே நிற்பதாக இருக்கிறேன்.