விண்ணப்பமும் ஊர்ச்சான்றும்

ஓர் ஊரின் கண்மாயைச் செப்பனிடவோ, செல்லரிக்கும் ஏட்டுச்சுவடிகளைப் பேணவோ, ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தவோ பொருள் வேண்டித் தனியார் அறக்கட்டளை ஒன்றை அணுகுபவர், தம் கருத்தைச் சொல்லி அமைந்துவிட முடிவதில்லை. பதிவுச் சான்று, வருமான வரி விலக்குச் சான்று, தணிக்கையாளர் ஒப்பமிட்ட மூன்றாண்டுக் கணக்கு ஆகியவற்றோடு, இன்ன காலத்துக்குள் இன்ன பலன் இன்ன அளவில் விளையும் என்னும் உறுதிமொழியையும், பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே, எழுதித் தரவேண்டியவராக இருக்கிறார். இம்முறை நேர்மையின் பொருட்டுத் தோன்றியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், கொடைக்கு உரியவர் யார் என்னும் உசாவல் ஊரைவிட்டு நீங்கிக் காகிதத்தில் போய்க் குடியேறியதால், தகுதியுடையோர் பலர் வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர் என்பதும், அவ்வுசாவலை மீண்டும் ஊருக்குக் கொண்டுவரும் வழி பாண்டிநாட்டுச் சாஸனங்களிலேயே புலப்படுகிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

மேலூர் வட்டத்துத் திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த பதி என்ற அளவிலேயே பெரும்பாலோர்க்கு அறிமுகமானது. அவ்வூரை அடுத்த ஓவாமலைக் குகைத்தளத்தில், கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டளவினவாகக் கருதப்படும் இரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. பாங்காட என்னும் ஊரைச் சேர்ந்த அரிதன் என்பான் செதுக்குவித்ததை ஒன்றும், உபசன் பரசு என்பான் உறைவிடம் அமைப்பித்ததை மற்றொன்றும் தெரிவிக்கின்றன. இதே வட்டாரத்து மாங்குளத்தில் கணிநந்தன் என்னும் துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்தவர்களுள் பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளனான கடலன் வழுதியும் இருக்கிறான். வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தாராகிய வணிகக் குழுவினரும் இருக்கின்றனர். அழகர்மலையிலோ உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், பொன் கொல்லன் என மதுரைக் கடைவீதியே வரிசையாக வந்து நிற்கிறது. அரசன் கை மட்டுமன்றி, தனியார் கையும் கூட்டுக் குழுவின் கையும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்பகுதியில் கொடைக்கு நீண்டிருக்கின்றன. கொடுத்தவர் பெயரை இக்கல்வெட்டுகள் சொல்கின்றனவேயன்றி, கேட்டவர் எப்படிக் கேட்டார் என்பதைச் சொல்லவில்லை.

கேட்ட முறையை அறிவதற்கு வேள்விக்குடிச் செப்பேட்டை நாடவேண்டும். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, கொற்கைகிழான் நற்கொற்றனுக்கு அளித்த வேள்விக்குடி என்னும் ஊர், களப்பிரர் காலத்தில் கைவிட்டுப் போயிற்று. பல தலைமுறைகளுக்குப் பின், எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாண்டியன் நெடுஞ்சடையனின் மூன்றாம் ஆட்சியாண்டில், கூடல் மாநகரில் அரசன் செவியில் விழுமாறு ஒருவன் முறையிடுகிறான். காமக்காணி நற்சிங்கன் என்னும் அவன், இன்னது எங்கள் முன்னோர்க்குரிய ஊர், இன்ன வகையில் இழந்தோம் என்று சொல்கிறான். அரசன் அவனைத் துரத்தவுமில்லை, அவன் சொல்லை அப்படியே நம்பிவிடவுமில்லை. நாட்டாரைக் கொண்டு அதன் பழமையைக் காட்டிப் பெற்றுக்கொள்க என்கிறான். நற்சிங்கன் அவ்வாறே நாட்டாரால் பழமை காட்டினான். அரசன் நீர்வார்த்துக் கொடுத்தான்.

கொடை வரலாற்றில் இச்சிறு நிகழ்ச்சியைப் பெரிதாக நான் மதிப்பதற்குக் காரணம் உண்டு. விண்ணப்பம் அரசன்முன் நிகழ்ந்தது. ஆனால் அதன் மெய்ம்மையைச் சோதிக்கும் பொறுப்பு அரசனின் அலுவலகத்தில் வைக்கப்படாமல், அந்நிலத்தை அறிந்தவர்களிடம் விடப்பட்டது. விண்ணப்பித்தவனின் சொல்வன்மையோ அரசனோடு அவனுக்கிருந்த நெருக்கமோ அங்கே பிரமாணமாகவில்லை.

கொடுத்தபின் நடந்தவற்றையும் பாண்டியர் காலத்துக் கற்கள் காட்டுகின்றன. பாண்டியன் வரகுணன், பெண்ணையாற்றங்கரையிலுள்ள அரைசூரில் தங்கியிருந்தபோது, அம்பாசமுத்திரத்துக் கோயிலின் நாள்வழிபாட்டுக்காக இளங்கோக்குடிச் சபையார் கையில் 290 காசு கொடுத்தான். முதல் குறையாமல், காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கலமாக 580 கலம் நெல் பொலியாக, அதாவது வட்டியாக, அளந்து வரவேண்டும் என்பது ஏற்பாடு. அந்நெல்லிலிருந்து நான்கு வேளை அமுதுக்கு எது எவ்வளவு என்பதும் வகுத்து எழுதப்பட்டது. திருச்செந்தூரில் வரகுணன் 1400 காசை ஓர் ஊரில் குவிக்காமல் பல ஊர்ச் சபைகளிடம் பிரித்து வைத்திருக்கிறான். தொகை, பெற்றவர், கடமை, செலவுக்கூறு ஆகிய நான்கும் அவ்வூரார் நாள்தோறும் கடந்து செல்லும் கோயிற் கல்லிலேயே பொறிக்கப்பட்டிருந்தன. முதலைச் செலவிடாமல் விளைவைக் கொண்டு காரியத்தை என்றும் நடத்துவதே அதன் உட்கருத்து.

நம் காலத்துக்கு வருவோம். இந்தியத் தனியார் அறநிதிகளின் வரலாற்றில் மிகவும் பெயர்பெற்ற விண்ணப்பம் ஒரு கடிதம்தான். 1944 மார்ச் 12-ஆம் நாள் ஹோமி பாபா, ஸர் தோராப்ஜி டாடா அறநிதியின் தலைவராயிருந்த ஸர் ஸொராப் சக்லத்வாலாவுக்கு, அடிப்படைப் பௌதிகத்தில் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று அமைக்கவேண்டும் என்று எழுதினார். அணுசக்தியை மின்னுற்பத்திக்குப் பயன்படுத்தும் காலம் வரும்போது, நிபுணர்களைத் தேடி இந்தியா அயல்நாடுகளுக்குப் போகவேண்டியிராது என்பது அவர் சொன்ன நியாயங்களுள் ஒன்று. அறநிதியினர் இசைந்தனர், 1945 ஜூனில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூரில் தொடங்கி, அவ்வாண்டிலேயே பம்பாய்க்கு மாறியது. ஒரு தேசத்தின் விஞ்ஞான வாழ்வையே திருப்பிவிட்ட அவ்விண்ணப்பத்தில் பலன்களின் அட்டவணை எதுவும் இணைக்கப்படவில்லை. ஆயினும் இதை முன்மாதிரியாகக் கொள்வோர் மற்றோர் உண்மையையும் மறக்கலாகாது. தோராப்ஜியின் மனைவி மெஹர்பாய், பாபாவின் அத்தை. பாபாவின் மேதைமை ஐயத்துக்கு இடமற்றது. எனினும் அம்மேதைமையை அறநிதியினர் முன்பே அறிந்திருந்தனர். அவ்வளவு ஆற்றல் படைத்த ஒரு பெண் மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்து, அவள் கடிதம் எழுதியிருந்தால், யார் அதைப் பிரித்துப் படித்திருப்பார்?

இவ்வினாவுக்கு விடையாகத்தான் படிவம் வந்தது. அறிமுகமில்லாதவனும் அறிமுகமுடையவனும் ஒரே தாளில் ஒரே கேள்விகளுக்கு விடையெழுதினால் இருவரையும் சமமாக எடைபோடலாம் என்பது அதன் நியாயம். அந்நியாயத்தை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறித்த அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும் என்று விதித்த பின்னர், கொடைநிதி பெருகியது, விண்ணப்பங்களும் பெருகின, 2021 ஏப்ரல் முதல் அந்நிதியைப் பெற்றுப் பணி செய்யும் தொண்டு நிறுவனங்கள் தனியே பதிவு செய்துகொள்ளவும் வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் ஒழுங்கு தேவைதான். ஆனால் படிவம் சமமாக்கியது கேள்விகளை மட்டுமே. விடையெழுதும் திறனைச் சமமாக்க அதனால் இயலவில்லை.

மேலூர் வட்டாரத்தில் கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கம் ஒன்று நிதி கேட்பதாக வைத்துக்கொள்வோம். எந்த மடையின் பலகை உளுத்திருக்கிறது, கலுங்கின் எந்தக் கல் பெயர்ந்து நீர் கசிகிறது, வரத்துக்கால் எந்த இடத்தில் கருவேலம் மண்டி அடைபட்டிருக்கிறது, கடைமடைக்குத் தண்ணீர் ஏறாமல் எத்தனை வயல் தரிசு கிடக்கிறது என்பதையெல்லாம் வயல்களுக்கு நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி கரைமேல் நடந்தபடியே ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவார். படிவம் கேட்பது இவற்றையல்ல. திட்டத்தின் நோக்கம், உள்ளீடு, வெளியீடு, விளைவு, அளவுகோல், இடர்மதிப்பீடு என்று கட்டங்கள் இருக்கின்றன. நகரத்திலுள்ள ஒருவரிடம் கூலி கொடுத்து அவற்றை நிரப்பச் செய்கிறார்கள். அவர் கரையைப் பார்த்ததில்லை. ஆனால் கட்டங்களில் எது எழுதினால் எடுபடும் என்பதை அறிந்தவர். ஆகவே மடை பழுதென்று ஊர் சொன்னது, அறக்கட்டளை அவ்வாண்டு விரும்பும் துறைக்கேற்பத் தூர்வாரலாகவோ மரம் நடுதலாகவோ உருமாறி மேலே போகிறது. நிதி வந்தபின் மடையைச் சீர்செய்ய அதில் இடமில்லை. தலைப்பை மாற்ற வேண்டி மறுபடி எழுதி, இசைவு வரும்வரை காத்திருப்பதற்குள் மழைக்காலம் தொடங்கிவிடுகிறது.

ஒரு காரியத்துக்குத் தந்த பொருளை வேறொரு காரியத்துக்குச் செலவிடுவது எத்துணைப் பாரமான செயல் என்பதை மாணிக்கவாசகராகிய திருவாதவூரார் சரிதம் அறியும். குதிரை வாங்கக் கொடுத்த பாண்டியனின் பொன்னைத் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்ட அமைச்சரைக் கதை கொண்டாடுகிறது. ஆனால் கணக்குக் கேட்ட அரசனைக் கொடியவன் என்று ஒதுக்கிவிடவில்லை. அமைச்சர் சிறைப்படுகிறார், சுடுமணலில் நிற்கிறார். இறைவனே இறங்கிவந்து பிரம்படி பட்டபின்தான் அவ்வழக்கு தீர்கிறது. கொடுத்தவன் நோக்கத்துக்கும் செலவிட்டவன் மனச்சாட்சிக்கும் இடையே பிளவு நேர்ந்தால் இருபக்கமும் துன்பமே என்பதை அக்கதை மறைக்கவில்லை. பிளவு நேராமல் தடுக்கும் காலம் விண்ணப்பக் காலம். அப்போது ஊரார் வாய்மொழியைக் கேட்டு நிபந்தனைகளை வகுத்தால், பின்னாளில் தலைப்பு மாற்றக் கெஞ்சவேண்டிய நிலையே பெரும்பாலும் எழாது.

ஊர்ச்சான்று என்றதும் எழக்கூடிய ஆட்சேபம் ஒன்று உண்டு, அது கனமானது. ஊர் என்பது ஒரே குரல் அன்று. வேள்விக்குடியில் சான்று பகர்ந்த நாட்டார் நிலமுடையோர். அந்நிலத்தில் உழைத்தவர்களை எவரும் கேட்கவில்லை. நம் காலத்திலும், தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைமையை ஏற்றார் என்பதற்காக, இதே மேலூர் வட்டாரத்து மேலவளவில் 1997 ஜூன் 30-ஆம் நாள் முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஆதலால் மந்தையில் கூடிய பெரியவர்களின் சொல்லை மட்டும் ஊர்ச்சான்று என்று கொள்வது பழைய அநீதிக்குப் புதிய முத்திரை குத்துவதாகும். சேரித் தெருவில் தனியாகவும், பெண்கள் குழுவில் தனியாகவும், கடைமடை விவசாயிகளிடம் தனியாகவும் கேட்டாகவேண்டும். இவ்வாட்சேபம் ஊர்ச்சான்றைக் கைவிடச் சொல்லவில்லை. அதை இன்னும் உழைத்துப் பெறச் சொல்கிறது.

அவ்வுழைப்பு இயலாததன்று. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு 1997 முதல் இயங்கும் தான் அறக்கட்டளை, கண்மாய் விவசாயிகளை வயலகங்களாகவும் பெண்களைக் களஞ்சியக் குழுக்களாகவும் அமைத்து, டாடா அறநிதிகள் போன்ற பெருங்கொடையாளரின் பொருள் சிற்றூர்க்கு இறங்க ஒரு பாலமாக நின்றிருக்கிறது. வேலையில் ஊராரும் தம் பங்கைச் செலுத்தவேண்டும் என்பது அங்கே வழக்கம். பங்கு செலுத்தியவர் கணக்குக் கேட்காமல் விடமாட்டார். ஆனால் இத்தகைய இடைநிலை அமைப்புகளின் கையைச் சட்டம் இப்போது இறுக்கியிருக்கிறது. அயல்நாட்டு நிதி ஒழுங்காற்றுச் சட்டத்தின் 2020-ஆம் ஆண்டுத் திருத்தம், பெற்ற நிதியை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தருவதைத் தடுத்ததோடு, நிர்வாகச் செலவின் வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. கம்பெனிகளின் சமூகநிதியிலோ அவற்றின் நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டை மீறலாகாது. நாலு தெருவுக்குச் சென்று உட்கார்ந்து கேட்பதற்கு ஆள் வேண்டும், நாள் வேண்டும், வழிச்செலவு வேண்டும். இவை பல இடங்களில் நிர்வாகச் செலவு என்றே எழுதப்படுகின்றன. கொடையின் உயிரான உசாவலை வீண்செலவாக எண்ணும் இக்கணக்கு முறை தவறானது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பராமரிப்பைப் பற்றியும் இதே வருத்தம் எனக்குண்டு. வரகுணன் 290 காசை முதலாக வைத்து ஆண்டுதோறும் பொலியைச் செலவிடச் செய்தான். இன்றைய கொடை பெரும்பாலும் மூன்றாண்டுத் திட்டமாக வந்து, தீர்ந்து, போய்விடுகிறது. புதிய மடை கட்டப் பணம் உண்டு. அம்மடைக்கு ஆண்டுதோறும் எண்ணெயிடவும் பலகை மாற்றவும் நீர்க்கட்டிக்குக் கூலி கொடுக்கவும் பணம் கேட்டால், அது திட்டம் அன்று என்ற விடை வருகிறது. கொடைத்தொகையில் ஒரு பகுதியையேனும் சங்கத்தின் பெயரில் முதலாக வைத்து வட்டியை மட்டும் எடுக்கச் சொல்லும் ஏற்பாட்டை அறக்கட்டளைகள் வழக்கமாக்கிக்கொள்ளலாகாதா?

ஆகவே அறங்காவலர்களிடம் வேண்டுவது இது. ஊரார் தமிழில் எழுதிய விண்ணப்பத்தையும், எழுத இயலாதவர் வாய்மொழியாகச் சொல்வதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். தீர்மானத்துக்கு முன் ஒரு நாளேனும் அவ்வூருக்கு ஆளனுப்பி, சாவடியில் மட்டுமன்றி ஒவ்வொரு தெருவிலும் கேளுங்கள். கொடுத்த தொகை, பெற்ற சங்கம், செய்யவேண்டிய வேலை, செலவுக்கூறு ஆகிய நான்கையும் ஊராட்சி அலுவலகச் சுவரில், எல்லோரும் படிக்கும்படி தமிழில் எழுதிவையுங்கள்.

விண்ணப்பிக்கும் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. படிவத்தை நிரப்ப யாரை அழைத்தாலும், அவரை முதலில் கரைமேல் நடத்திக் கூட்டிச்செல்லுங்கள். நிரப்பிய படிவத்தைக் கூட்டத்தில் தமிழில் வாசித்து, ஊர் ஒப்பியபின் அனுப்புங்கள்.