வேலைப் பதிவேட்டின் முகம்: எம்-புக் முதல் தீம் வரை

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியர் கையில் இருக்கும் ‘எம்-புக்’ என்ற அளவுப் புத்தகம் கண்டிப்பானது. பக்க எண்கள் அச்சிலேயே இருக்கும். ஒரு தாளைக்கூடக் கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் சுரண்டி அழிக்கக் கூடாது; கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். கட்டங்களும் தலைப்புகளும் பொதுப்பணித் துறை விதிகள் வகுத்தவை. கடலூர் மாவட்டத்தில் மேற்கே மங்களூர் ஒன்றியம் முதல் சிதம்பரத்தை ஒட்டிய குமராட்சி, பரங்கிப்பேட்டை ஒன்றியங்கள் வரை, ஏரிக்கரை பலப்படுத்தினாலும் வாய்க்கால் தூர்வாரினாலும் அளவு ஏறுவது ஒரே முகம் கொண்ட புத்தகத்தில்தான்.

இந்த மாறாமையில் நியாயம் உண்டு. தணிக்கைக்கு வருகிறவர் ஒவ்வொரு ஒன்றியத்திலும் புதிதாகப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. மூன்றாவது கட்டத்தில் எது இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்த வடிவம் யார் படிப்பதற்காக வகுக்கப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். மண் வெட்டியவர் படிக்க அல்ல, மேலே இருக்கிறவர் படிக்க. வேலையைக் கண்காணிக்கும் கருவி காகிதத்திலிருந்து இணையத்துக்கு ஏறிய பிறகும் இந்த வழக்கம் சுலபத்தில் மாறவில்லை. திட்ட மேலாண்மை மென்பொருளின் நிறத்தையும் எழுத்தையும் மாற்றும் வசதி, அதாவது ‘தீம்’, வெறும் அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், திரையின் முகத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருப்பது என்ற வழக்கே அதில் திரும்பத் திரும்ப வருகிறது.

வழக்கு தொடங்கியது 1994-ல். வலைப்பக்கத்தின் உள்ளடக்கத்தை ஓரிடத்திலும் தோற்றத்தை வேறிடத்திலும் வைக்கலாம் என்ற யோசனையை, ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஹோக்கன் வியும் லீ அந்த ஆண்டு அக்டோபர் 10 அன்று வெளியிட்டார். பின்னாளில் சி.எஸ்.எஸ். ஆனது இதுதான். அந்த முதல் வரைவில், இன்றைய நிரலாளர்கள் பலர் அறியாத ஓர் அம்சம் இருந்தது: ஒவ்வொரு விதியோடும் ஒரு சதவீதம் எழுதலாம். தலைப்பு எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதில் பக்கத்தை எழுதியவருக்கு எத்தனை சதவீதச் செல்வாக்கு, படிப்பவருக்கு எத்தனை என்று பங்கு பிரிப்பதே எண்ணம். சதவீதக் கணக்கு நிலைக்கவில்லை. 1996 டிசம்பரில் வந்த முதல் தரநிலையில், இருவரும் ‘இது முக்கியம்’ என்று அடித்துச் சொன்னால் எழுதியவரின் சொல்லே வெல்லும். 1998-ல் வந்த இரண்டாம் தரநிலை அதைத் தலைகீழாக்கியது. பார்வைக் குறைபாடு உள்ளவர் எழுத்தைப் பெரிதாக்கக் கேட்டால் அவர் சொல்லுக்கே முதலிடம். ஒரு தொழில்நுட்ப ஆவணத்தின் நடுவே இப்படி ஒரு உரிமை மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது.

இந்தப் பிரிவினையால் என்ன முடியும் என்று கண்ணுக்குக் காட்டியவர் கனடாவின் டேவ் ஷே. 2003 மே மாதம் அவர் தொடங்கிய ‘சி.எஸ்.எஸ். ஜென் கார்டன்’ தளத்தில் பக்கம் ஒன்றே; யார் எழுதிய ஸ்டைல்ஷீட்டை, அதாவது தோற்ற விதிகளின் கோப்பை, போட்டாலும் அது வேறு பக்கமாகத் தெரியும்.

அடுத்த ஆண்டு திட்ட மேலாண்மைக் கருவிகளின் முறை. 2004 பிப்ரவரியில் சிகாகோவின் 37சிக்னல்ஸ் நிறுவனம் ‘பேஸ்கேம்ப்’பை வெளியிட்டது. 37சிக்னல்ஸ் வலைத்தளம் வடிவமைத்துக் கொடுத்த நிறுவனம். வாடிக்கையாளர் உள்ளே நுழைந்து வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கும் இடம் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்ற கவலை அவர்களுக்குத் தொழிலோடு வந்தது. அதே காலத்தில் சுவீடனின் எட்ஜ்வால் நிறுவனம் ‘ட்ராக்’ என்ற திறமூல மென்பொருளை வெளியிட்டது. ட்ராக் நிரலாளர்களுக்கானது, மேல் மூலையில் ஒரு விலங்கின் பாதச்சுவடுதான் அதன் சின்னம். சின்னத்தை மாற்ற அமைப்புக் கோப்பில் சில வரிகள் போதும். அதற்கு மேல் எதையாவது தொட வேண்டுமானால் பக்க வார்ப்புருவிலேயே கை வைக்க வேண்டும். 2008-ல் 0.11 பதிப்பு வந்தபோது ட்ராக் தன் வார்ப்புரு மொழியையே கிளியர்சில்வரிலிருந்து கென்ஷிக்கு மாற்றியது. அதுவரை பார்த்துப் பார்த்துச் செய்த மாற்றங்களை எல்லாரும் மறுபடி முதலிலிருந்து எழுத நேர்ந்தது.

2004-ன் கடைசி வாரம் கடலூருக்கு வேறு விதமாக நினைவிருக்கும். டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, கிள்ளையை ஒட்டிய எம்.ஜி.ஆர். திட்டு எனக் கடலோரம் முழுக்க சுனாமி அலை ஏறியது. மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ககன்தீப் சிங் பேடி அப்போது ஆட்சியர். எந்தக் குப்பத்துக்கு எந்தத் தொண்டு நிறுவனம் போயிருக்கிறது, எங்கே அரிசி குவிகிறது, எங்கே பாய்கூடப் போய்ச் சேரவில்லை என்பதை ஒரே இடத்தில் பார்க்க முடிவதே அந்த நாட்களில் பாதி நிவாரணம்.

இதே சிக்கல் கடலுக்கு அப்பால் ஒரு மென்பொருளைப் பிறப்பித்தது. கொழும்பில் லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனைச் சுற்றி இருந்த தன்னார்வ நிரலாளர்கள், அலை அடித்த சில நாட்களிலேயே ‘சகானா’வை எழுதத் தொடங்கினார்கள். காணாமல் போனோர் பட்டியல், நிவாரண அமைப்புகளின் பதிவேடு, முகாம் பதிவேடு, தேவைக் கோரிக்கைகள் என்று அதில் பல பகுதிகள். 2005-ல் அது மறுபடி எழுதப்பட்டது. காரணம், ஒரு நாட்டின் ஒரு பேரிடருக்கு அவசரமாகக் கட்டியதை அப்படியே எடுத்துப்போய் இன்னொரு நாட்டில் வைக்க முடியாது. மொழி வேறு, படிவம் வேறு, நிர்வாக அடுக்கு வேறு. முகத்தை மாற்றிக்கொள்ள முடிந்ததால்தான் சகானா அதே ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2006-ல் பிலிப்பைன்ஸ் நிலச்சரிவுக்கும் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்கும் போக முடிந்தது. சமூகப் பயனுக்காக ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் தரும் 2006-ம் ஆண்டு விருதும் அதற்குக் கிடைத்தது. பின்னர் அதன் செய்தி அனுப்பும் பகுதி, நோய்ப் பரவலை உடனுக்குடன் கண்காணிக்கும் ஒரு முன்னோட்டத் திட்டத்தின் வழியாகச் சிவகங்கை மாவட்டத்துக்கும் வந்தது.

2006 இன்னொரு முனையிலும் முக்கியமான ஆண்டு. பிப்ரவரி 2 அன்று தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதல் கட்டமாக நாடெங்கும் 200 மாவட்டங்கள். தமிழ்நாட்டில் ஆறு. கடலூர் அவற்றில் ஒன்று. ஊர் வழக்கில் ‘நூறு நாள் வேலை’ என்று பெயர் பெற்ற இத்திட்டத்துக்குத் தேசிய தகவலியல் மையம் ‘நரேகாசாஃப்ட்’ என்ற இணைய அமைப்பை உருவாக்கியது. எந்த ஊராட்சியில் என்ன பணி, மதிப்பீடு எவ்வளவு, வருகைப் பட்டியலில் யார் யார், கூலி எப்போது போனது என்பதெல்லாம் அதில் ஏறும். யாரும் அப்படி அழைப்பதில்லை என்றாலும், உலகின் மிகப் பெரிய திட்ட மேலாண்மைக் கருவிகளின் வரிசையில் அதற்கு இடம் உண்டு. அதே ஆண்டு ஜூனில் பிரான்ஸின் ழான்-பிலிப் லாங் ‘ரெட்மைன்’ மென்பொருளின் முதல் பதிப்பை வெளியிட்டார். சென்னையில் இயங்கிய அட்வென்ட்நெட், பின்னாளைய ஜோஹோ, தன் ‘ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ்’ சேவையைத் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான்.

மூன்றில் தோற்ற மாற்றத்தை மிகத் தெளிவாக யோசித்தது ரெட்மைன். ட்ராக்கில் பட்ட அடி அதற்குப் படாமல் இருந்ததற்குக் காரணம் எளிமை. தீம் என்பது ஒரு தனி அடைவு. அதற்குள் ஒரு ஸ்டைல்ஷீட். அந்தக் கோப்பின் முதல் வரி மூல ஸ்டைல்ஷீட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே, பிடிக்காதவற்றை மட்டும் மாற்றி எழுதினால் போதும். மூல மென்பொருளின் ஒரு வரியையும் தொட வேண்டாம். இதைவிடச் சாமர்த்தியமான இன்னொன்றும் அதில் உண்டு. பணிப் பட்டியலின் ஒவ்வொரு வரிசைக்கும் ரெட்மைன் சில அடையாளங்களைச் சேர்த்தே அனுப்புகிறது: முன்னுரிமை என்ன, கெடு தாண்டிவிட்டதா, முடிந்துவிட்டதா, பார்ப்பவருக்கே ஒதுக்கப்பட்ட வேலையா. தீம் எழுதுகிறவர் இவற்றைப் பிடித்துக்கொண்டு, கெடு தாண்டிய வரிசையைச் சிவப்பாக்கலாம், முடிந்ததை மங்கலாக்கலாம். மென்பொருளோடு சேர்ந்தே வரும் ‘ஆல்டர்னேட்’ தீம் முன்னுரிமைக்கு ஏற்ப வரிசைகளுக்கு நிறம் பூசுகிறது. முப்பது பணிகள் உள்ள பட்டியலில் எதை முதலில் எடுப்பது என்று இப்போது நிறமே சொல்லிவிடுகிறது. இதை அலங்காரம் என்று தள்ள முடியாது.

எழுத்துருவின் கதை இன்னும் நெருக்கமானது. ரெட்மைனின் மூல ஸ்டைல்ஷீட் கேட்பது 12 பிக்சல் அளவில் வெர்டானா எழுத்துரு. ஆங்கிலத்துக்குப் பொருத்தம்தான். வெர்டானாவில் தமிழ் எழுத்தே கிடையாது. ஆகவே கணினி வேறோர் எழுத்துருவைத் தேடிப் பிடித்துக் காட்டும். அதே 12 பிக்சலில் மெய்யின் புள்ளி தூசியாகும், மேலே சுழித்த ஈகார விலங்கு மேல் வரியை இடிக்கும், குறுகலான பட்டைக்குள் உகரத்தின் கால் வெட்டுப்படும். ஜப்பானியர்கள் இதே தொல்லையைத் தீமாலேயே தீர்த்தார்கள். மாட்சுயே நகரத்து ஃபார் எண்ட் டெக்னாலஜிஸ் நிறுவனம், தங்கள் எழுத்துக்கு ஏற்ற எழுத்துருவும் இடைவெளியும் கொண்ட ரெட்மைன் தீம்களை இலவசமாக வெளியிட்டது.

தமிழுக்கு அந்த இடத்தை அடையவே நீண்ட நடை தேவைப்பட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பிறகு அரசு டாம், டாப் குறிமுறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. ஆனால் அரசு அலுவலக மேசைகளில் வானவில் எழுத்துருக்கள் வேரூன்றின; அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பு கிறுக்கலாகத் தெரியும். விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில் யூனிகோடு தமிழ் சரியாகத் தெரிய வேண்டுமானால், கட்டுப்பாட்டுப் பலகத்தின் மொழிப் பகுதியில் ஒரு பெட்டியைத் தேடி டிக் செய்து, நிறுவல் சி.டி.யையும் செருக வேண்டும். எந்த பி.டி.ஓ. அலுவலகத்தில் அந்த சி.டி. கைக்கு எட்டும் இடத்தில் இருந்திருக்கும்? 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி யூனிகோடை அரசு அதிகாரபூர்வமாக ஏற்றது. 2012 டிசம்பர் இறுதியில் உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாடு சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் கூடியபோது, எந்தக் குறிமுறை என்ற பழைய சண்டை ஓய்ந்திருந்தது. யூனிகோடின் மேல் என்னென்ன கட்டலாம் என்பதே எஞ்சிய கேள்வி.

நரேகாசாஃப்ட்டைத் தகவலியல் மையம் உள்ளூர் மொழிகளுக்கு இடம் தரும் அமைப்பு என்றே விவரித்தது. அறிக்கைப் பக்கங்களைத் திறந்தால் கண்ணில் படுவது என்னவோ எம்-புக்கின் மறுபிறவிதான்: ஆங்கிலத் தலைப்புகள், நெருக்கமான கட்டங்கள், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று கீழே இறங்கும் அடுக்கு. டெல்லியில் இருப்பவர் மேலிருந்து கீழே பார்க்க இது அருமையான வடிவம். கீழப்பாளையம் போன்ற ஒரு கிராமத்தில் தன் கூலி ஏன் ஏறவில்லை என்று தேடும் பெண்ணுக்கு அல்ல. ‘டி.என்.’ என்று தொடங்கி மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி எண்களாக நீளும் வேலை அட்டை எண்ணைத் தெரிந்துகொண்டு, அந்த அடுக்கில் கடைசிப் படிவரை அவர் இறங்க வேண்டும். சட்டத்தின் நடைமுறை வழிகாட்டிகள் இந்தக் குறையை உணர்ந்தே, திரைக்கு வெளியே ஒரு மாற்று சொல்லின: யாருக்கு எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்பதை ஊர்ச் சுவரில் உள்ளூர் மொழியில் எழுதி வைக்க வேண்டும். சர்வரில் தீம் மாற்ற வழியில்லாத ஓர் அமைப்பில், பயனாளிக்காகச் செய்யப்பட்ட தோற்ற மாற்றம் சுண்ணாம்பும் பெயின்டும் கொண்டே நடந்தது என்று சொன்னால் மிகையில்லை.

மாவட்ட நிர்வாகத்தின் பொதுத் தளம் வேறு வழியில் போனது. தகவலியல் மையத்தின் ‘எஸ்3வாஸ்’ சட்டகத்தில் கடலூர் உள்ளிட்ட மாவட்டத் தளங்கள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருக்கின்றன. ஆனால் மேலே மூலையில் மொழி மாற்றம், எழுத்தைப் பெரிதாக்கும் குறி, நிற வேறுபாட்டைக் கூட்டும் குறி ஆகியவை உண்டு. இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டிகள் 2009 முதல் அணுகல் வசதியை வற்புறுத்தி வந்ததன் பலன் இது. வடிவமைப்பாளர்கள் இந்தச் சின்னக் குறிகளைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் லீயின் சதவீதக் கணக்கில் படிப்பவருக்கு ஒதுக்கிய பங்கில் மிச்சம் இருப்பது இதுதான்.

தனியார் சேவைகளில் அந்தப் பங்கு சுருங்கியது. மென்பொருள் நிறுவனத்தின் சர்வரிலேயே ஓடும் சேவைகள் பெருகியபோது, ஸ்டைல்ஷீட்டைத் தொடும் வழி அடைபட்டது. சின்னத்தைப் பதிவேற்றலாம், தரப்பட்ட சில நிறங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், இருள் தோற்றத்துக்கு மாறலாம். இது முழுக்கக் குறையல்ல. ட்ராக் பயனர்கள் 2008-ல் பட்ட பாட்டை ஜோஹோவிலோ பேஸ்கேம்ப்பிலோ யாரும் படவில்லை, ஏனெனில் உடைவதற்கு அவர்கள் சொந்தமாக எழுதியது எதுவும் இல்லை. இதற்கிடையே பயனர் தன் ஸ்டைல்ஷீட்டை எல்லாத் தளங்கள் மேலும் போர்த்த உலாவியிலேயே இருந்த வசதியை 2014-ல் குரோம் நீக்கிவிட்டது. 1998-ன் உரிமை தரநிலையில் அப்படியே இருக்கிறது. அதைப் பயன்படுத்த இப்போது தனியாக ஒரு நீட்சியைத் தேடி நிறுவ வேண்டும்.

திறமூல ரெட்மைனிலும் கதை இன்னும் முடியவில்லை. தீமைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் அட்மின் பக்கத்தில் மட்டுமே உண்டு. அவர் தேர்ந்ததே அலுவலகம் முழுவதற்கும். பயனரின் சொந்தக் கணக்குப் பக்கத்தில் மொழி, நேர மண்டலம், எழுதும் பெட்டியின் எழுத்து வகை போன்றவை உண்டு, தீம் இல்லை. அந்தக் குறையை நீக்க ஜப்பானிலிருந்து ‘தீம் சேஞ்சர்’ என்ற செருகுநிரல் வந்தது. அதை நிறுவினால் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய தீமைத் தேர்ந்தெடுக்கலாம். நிறுவுவதற்கும் அட்மின் மனம் வைக்க வேண்டும். 2024 நவம்பரில் வந்த ரெட்மைன் 6.0, தீம் அடைவின் இருப்பிடத்தையே மாற்றியது. பழைய இடத்தில் தீம் வைத்திருந்தவர்கள் மேம்படுத்தும்போது அதைப் புதிய அடைவுக்குத் தாங்களே நகர்த்த வேண்டியிருந்தது.