இதயக் கதவும் ஏழையின் கூலியும்

இதயத்தின் வலப்பக்கத்துக் குருதி, நடுச்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே இடப்பக்கம் செல்வதாகக் கிரேக்க மருத்துவர் ஜாலினூஸ் எழுதிவைத்தார். உலகம் அதை ஆயிரம் ஆண்டுகள் நம்பியிருந்தது. அப்படியொரு துளையே இல்லை, குருதி நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் சேர்கிறது என்று எழுதியவர் இப்னுந் நபீஸ். ஹிஜ்ரி 687இல் (கி.பி. 1288) மறைந்த அப்பேரறிஞர் தம் இல்லத்தையும் நூலகத்தையும் கெய்ரோவின் மன்ஸூரி மருத்துவமனைக்கு எழுதிவைத்தார். செல்வர், வறியர், ஆண், பெண் எவர் வரினும் வைத்தியம் செய்யவேண்டும் என்று வக்ஃபு செய்யப்பட்ட மருத்துவமனை அது. இதயத்தைப் பற்றிய அறிவு வேறு. அவ்வறிவு ஏழையின் வாசலை எட்டுவது வேறு. புதுச்சேரியின் கிராமக் கொம்யூன்களான வில்லியனூரையும் பாகூரையும் எண்ணும்போது இந்த இடைவெளியே நம் கண்முன் நிற்கிறது.

இதயத்தின் கதவுகளான வால்வுகளைக் கெடுப்பதில் நம் நாட்டில் நெடுங்காலமாக முன்னிற்பது ருமாட்டிக் காய்ச்சல். பிள்ளைக்குத் தொண்டைப்புண் வருகிறது. சில வாரங்களில் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் அடித்து, தானே தணிந்தும் விடுகிறது. வீட்டார் மறந்துவிடுகின்றனர், இதயம் மறப்பதில்லை. ஆண்டுகள் பல கழிந்தபின் வால்வு சுருங்கியோ கசிந்தோ மூச்சுத்திணறல் தோன்றுகிறது. வால்வுச் சுருக்கம் பெண்களுக்கே மிகுதி; பலருக்குப் பிள்ளைப்பேற்றுக் காலத்தில்தான் தெரியவருகிறது. பலர் நெருங்கிப் படுக்கும் சிறு வீடுகளே இந்நோயின் விளைநிலம். பெனிசிலினும் விசாலமான வீடும் வாய்த்த நாடுகளில் இது பெரும்பாலும் மறைந்துவிட்டது.

1960இல் அமெரிக்காவில் ஸ்டார் என்ற மருத்துவரும் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரும் செயற்கை வால்வை நோயாளிகளுக்குப் பொருத்திக் காட்டினர். நம் நாட்டுக்கு அது இறக்குமதிப் பொருள். விலையோ எளியவருக்கு எட்டாதது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் இங்கேயே வால்வு செய்ய முனைந்தார். மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது மாதிரி ஆடுகளில் சோதிக்கப்பட்டு, 1990 டிசம்பர் 6ஆம் நாள் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வைவிட மிகக் குறைந்த விலையில் கிடைத்த அந்தச் சித்ரா வால்வு, இன்று ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்டுள்ளது. நம் காலத்து அறிவியலில் இதனினும் பெரிய தர்மம் குறைவு என்றே சொல்வோம்.

செல்வ நாடுகளிலும் வாசல் எல்லோருக்கும் ஒன்றுபோல் திறக்கவில்லை. நெஞ்சைப் பிளக்காமல் இரத்தக்குழாய் வழியே வால்வைச் செலுத்தும் முறையை 2002இல் பிரான்சின் ரூவான் நகரில் டாக்டர் கிரிபியே செய்துகாட்டினார். 2011 முதல் 2016 வரை அமெரிக்காவில் அவ்விதம் வால்வு பெற்றோரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் வெள்ளையர்; கறுப்பர் நால்வருக்கும் குறைவு. அந்நோய் கறுப்பரிடம் சற்றுக் குறைவு என்பார் உளர். அது முழு விடையாகாது. இந்தியாவில் இம்முறைக்குப் பல இலட்சம் ரூபாய் ஆகிறது.

நம் கொம்யூன்களில் பிரிப்பது நிறமன்று, கூலி. பெரிய மருத்துவமனை தொலைவிலும் இல்லை. பிரெஞ்சுக்காரர் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்து, 1964இல் ஜிப்மர் என்று பெயர்பெற்ற நிலையம் கோரிமேட்டில் இருக்கிறது. வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் பேருந்தில் போய்வரும் தூரந்தான். சுருங்கிய வால்வைப் பலூன் கொண்டு விரிக்கும் சிகிச்சையும் அங்கு உண்டு.

ஆயினும் வால்வு பொருத்தியபின் தொடங்குவது வேறொரு கணக்கு. உலோக வால்வு பெற்றவர் குருதி உறையாதிருக்க ஆயுள் முழுதும் மாத்திரை உண்ணவேண்டும். அடிக்கடி குருதியைச் சோதிக்கவேண்டும். மருந்து குறைந்தால் வால்வில் குருதி உறையும். மிகுந்தால் எங்கேனும் கசியும். நடவுக்குப் போகும் பெண்ணுக்கு ஒவ்வொரு சோதனையும் ஒரு நாள் கூலி. அவள் கருவுற்றாலோ அம்மாத்திரை சிசுவுக்கே தீங்காகலாம். விலங்குத் திசுவாலான வால்வுக்கு ஆயுள் முழுதும் மாத்திரை வேண்டுவதில்லை. ஆனால் இளவயதினரிடம் அது விரைவில் தேய்ந்து, மறுபடி அறுவை கேட்கும்.

இத்தனைக்கும் முன்னே நிற்பது ஒரு மலிவான ஊசி. ருமாட்டிக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பல ஆண்டுகள், பெனிசிலின் போட்டுவந்தால் அக்காய்ச்சல் திரும்பாமல் காக்கலாம். வால்வு மேலும் கெடுவதைத் தடுக்கலாம். வலிக்கும் ஊசி அது. நான்கைந்து முறை போட்டதும், பிள்ளைதான் ஓடி விளையாடுகிறதே என்று தாய் நிறுத்திவிடுகிறாள்.