கம்பிகளின் காவலர்

போர்க்களத்திலே பீரங்கியின் முழக்கம் எல்லோர் செவியிலும் விழும். ஆனால், அதை எங்கே, எப்பொழுது முழக்க வேண்டுமென்ற கட்டளையைத் தாங்கிச் செல்லும் மெல்லிய கம்பியை எவரும் பொருட்படுத்துவதில்லை. அக்கம்பிகளுக்கே தம் வாழ்நாளை ஒப்படைத்தவர் ஜேர்மனியத் தளபதி எரிக் பெல்கீபெல்.

1886ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி பிறெஸ்லோ நகருக்கு அருகே பிறந்த அவர், 1905இல் பிரஷ்யப் படையின் செய்தித் தொடர்புப் பிரிவிற் சேர்ந்தார். முதலாம் உலக மகாயுத்தத்திலே சேவை புரிந்து, படிப்படியாக உயர்ந்து, இரண்டாவது மகாயுத்தத்தில் முப்படைகளின் செய்தித் தொடர்புக்கும் தலைவராக விளங்கினார். 1940இல் ஜெனரல் பதவி அவரை வந்தடைந்தது.

பதவி உயர்ந்ததேயன்றி, ஹிட்லர்மீது அவருக்கு நம்பிக்கை உயரவில்லை. 1938இல் பதவி துறந்த ஜெனரல் பெக்கின் நண்பர் அவர். ஹிட்லரை வீழ்த்தத் துணிந்தோரின் இரகசியக் கூட்டத்திலும் இணைந்தார். குண்டு வெடித்ததும் கிழக்குப் பிரஷ்யாவிலுள்ள ஹிட்லரின் தலைமைப் பாசறையை வெளியுலகிலிருந்து துண்டிப்பதே அவருக்கு வகுக்கப்பட்ட கடமை.

1944 யூலை 20ஆம் திகதி நண்பகல் கழிந்த வேளையிலே குண்டு வெடித்தது. அதனை வைத்த கேணல் ஸ்டோபன்பேர்க், ஹிட்லர் மாண்டார் என்றே நம்பி பேர்லினுக்குப் பறந்தார். பெல்கீபெலோ, ஹிட்லர் உயிரோடு நடந்துவருவதைத் தம் கண்ணாலேயே கண்டார். அவ்வுண்மையைப் பேர்லினுக்கு அறிவித்தார். ஆயினும் அங்கிருந்தோர் செய்வதறியாது தயங்கினர். விலைமதிப்பற்ற மணித்தியாலங்கள் வீணாகின.

ஒரு வழி அடைபட்டால் மறுவழியாற் செய்தி சென்று சேருமாறு அமைப்பதே செய்தித் தொடர்புத் தொழிலின் இலக்கணம். ஆயுட்காலமெல்லாம் அவ்விலக்கணப்படியே உழைத்தவருக்கு, அவ்வலையை முற்றாக அறுப்பது எளிதாகவில்லை. அன்று மாலை பேர்லினில் கோயபெல்ஸின் அலுவலகத்திலிருந்து மேஜர் றேமர் தொலைபேசியிலே ஹிட்லரின் குரலைக் கேட்டார். கிளர்ச்சியை அடக்குமாறு கட்டளை பெற்றார். நள்ளிரவுக்குப் பின் அதே குரல் வானொலியிலும் ஒலித்தது. ஒரு தொலைபேசிக் கம்பி எஞ்சியதால் ஒரு புரட்சி முறிந்தது.

அன்றே கைதான பெல்கீபெல், ஓகஸ்ட் 10ஆம் திகதி மரணதண்டனை விதிக்கப்பெற்று, செப்டெம்பர் 4ஆம் திகதி பேர்லினின் பிளெற்சன்சே சிறையிலே தூக்கிலிடப்பட்டார். தப்ப வழி தேடாது, தோற்றதென்று கண்ட பின்னரும் உண்மைச் செய்தியைத் தோழருக்கு அனுப்பிவிட்டே அவர் தம் முடிவை எதிர்கொண்டார். பிற்காலத்தில் பவேரியாவிலே படையினர் செய்தித் தொடர்புக் கலை பயிலும் பாசறை ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. கம்பியின் பயன் கட்டளையைச் சுமப்பது மாத்திரமன்று; அக்கட்டளை அறத்துக்கு மாறானபோது அதனை மறிக்கத் துணிவதும் காவலரின் கடமையே என்பதை அப்பெயர் நினைவூட்டுகின்றது.