சரிக்கட்டுதலின் எல்லை

பெட்ரோல் காரின் கணினிக்குள் ஓர் எண் இருக்கிறது. போட்ட கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் வரை பெட்ரோலைத் தானாகவே கூட்டிக்கொள்ளலாம், குறைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் எண். ஃப்யூயல் டிரிம் லிமிட் என்பார்கள். பல கார்களில் அது 20, 25 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அந்த எல்லையில் போய் முட்டினால் டேஷ்போர்டில் செக் என்ஜின் விளக்கு எரியும். டியூனிங் செய்கிறவர்களிடம் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: "லைட்டு எரியுதா? லிமிட்டைக் கொஞ்சம் ஏத்தி விடு, அணைஞ்சிடும்."

அணைந்துவிடும்தான். ஆனால் அந்த எண் அங்கே ஏன் வைக்கப்பட்டது என்று தேடிப்போனால், கதை லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து வானத்தில் போய் நிற்கிறது.

1943 ஜூலையில் ஒருநாள் அந்த நகரத்தை அடர்ந்த புகைமூட்டம் மூடியது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. போர்க்காலம் என்பதால் ஜப்பான்காரர்கள் விஷவாயு வீசிவிட்டார்களோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள். எதிரி யார் என்று தெரிய ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. கால்டெக்கில் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த டச்சு வேதியியலாளர் ஏரி ஹாகன்-ஸ்மிட், 1950களின் தொடக்கத்தில் அதைக் கண்டுபிடித்தார். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் கலந்து அந்தப் புகைமூட்டத்தை உண்டாக்கின. இரண்டுமே கார்களிலிருந்து ஏராளமாக வந்தன. ஊரே ஓட்டிய வண்டிதான் ஊரின் கண்ணை எரித்திருக்கிறது.

1970இல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம், கார் புகையில் உள்ள நச்சுகளை 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. 1975 மாடல்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் அது எரித்துவிடும். அதற்கு ஆக்சிஜன் மிச்சம் இருக்க வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடை உடைக்க வேண்டுமென்றாலோ ஆக்சிஜன் மிச்சம் இருக்கக் கூடாது. மூன்றையும் ஒரே டப்பாவுக்குள் முடிக்க ஒரே வழிதான்: ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தை விட்டு நகராமல் அதை ஒட்டியே நிற்பது. கார்புரேட்டரால் அது முடிகிற காரியம் இல்லை. மேட்டில் ஏறினால் ஒரு விகிதம், குளிரில் ஒரு விகிதம், பழசானால் இன்னொன்று.

விடை 19ஆம் நூற்றாண்டிலிருந்து வந்தது. 1889இல் வால்டர் நெர்ன்ஸ்ட் எழுதிய சமன்பாட்டின்படி, இருபுறமும் ஆக்சிஜன் அளவு வேறுபட்டால் சூடான சிர்கோனியா பீங்கான் மின்னழுத்தம் தரும். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை என்று வைத்தால் ஆக்சிஜன் சென்சார் தயார். 0.9 வோல்ட்டை ஒட்டி வந்தால் பெட்ரோல் அதிகம், 0.1ஐ ஒட்டி வந்தால் குறைவு. பாஷ் நிறுவனத்தின் இந்த சென்சாரோடு 1977 மாடல் வோல்வோ கார்கள் கலிஃபோர்னியாவுக்குப் போயின. ‘லாம்டா சாண்ட்’ என்ற பெயரை முகப்பிலேயே பெருமையாகப் பொறித்திருந்தார்கள்.

இங்கேதான் கார் தன்னைத் தானே திருத்திக்கொள்ளத் தொடங்கியது. சென்சார் சொல்வதைக் கேட்டு நொடிக்கு நொடி கூட்டிக் குறைப்பது குறுகிய காலத் திருத்தம். அதே திருத்தம் திரும்பத் திரும்பத் தேவைப்பட்டால் "இந்த வண்டி இப்படித்தான்" என்று மனப்பாடம் செய்துகொள்வது நீண்ட காலத் திருத்தம். ஜெனரல் மோட்டார்ஸின் பழைய கணினிகளில் 128 என்றால் திருத்தமே இல்லை. 160 என்றால் 25 சதவீதம் கூடுதல் பெட்ரோல்.

எனக்கு இதில் வியப்பும் கூடவே பயமும் இருக்கிறது. வேக்குவம் குழாயில் சின்ன விரிசல் விழுகிறது. அளக்கப்படாத காற்று உள்ளே போகிறது. கணினி பெட்ரோலைக் கூட்டிச் சமாளித்துவிடும். ஓட்டுகிறவருக்கு ஒன்றுமே தெரியாது. சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை என்றால் இன்னும் மோசம். வெளிக்காற்றை முகர்ந்துவிட்டு "பெட்ரோல் போதவில்லை" என்று சென்சார் சொல்லும். கணினி நம்பி ஊற்றும். சரியாக இருந்த கலவை அந்தத் திருத்தத்தாலேயே கெடும்.

ஆகவே சட்டம் எழுதியவர்கள் ஒரு நுட்பமான வேலை செய்தார்கள். 1996 மாடல்களிலிருந்து அமெரிக்கா முழுக்கக் கட்டாயமான ஓபிடி-2 விதிகளில், அனுமதிக்கப்பட்ட திருத்தம் முழுவதும் தீர்ந்துபோவதே பழுதாக வரையறுக்கப்பட்டது. வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா என்பது பேச்சில்லை. "இனி என்னால் சரிக்கட்ட முடியாது" என்ற நிலை வந்தால் கணினி வாய் திறந்தாக வேண்டும். பி0171 என்றால் பெட்ரோல் போதவில்லை, பி0172 என்றால் மிகுதி.

சத்தமில்லாமல் சரிக்கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அதற்கு முந்தைய ஆண்டே ஓர் உதாரணம் கிடைத்திருந்தது. 1991 முதல் 1995 வரையிலான சில கேடிலாக் கார்களில், ஏசி போட்டால் என்ஜின் நின்றுபோகாமலிருக்க, கணினி கலவையில் பெட்ரோலைக் கூட்டியது. அன்றைய புகைச் சோதனை ஏசியை அணைத்துவிட்டு நடக்கும். சோதனையில் சுத்தம், சாலையில் வரம்பு மீறிய கார்பன் மோனாக்சைடு. 1995இல் ஜெனரல் மோட்டார்ஸ் 1.1 கோடி டாலர் அபராதம் கட்டியது. சுமார் 4,70,000 கார்களைத் திரும்ப அழைத்தது. என்ஜின் நிற்கிறது என்ற உண்மையான குறைக்குத்தான் அவர்கள் மருந்து போட்டார்கள். அந்த மருந்தின் விலையைத் தெருவில் மூச்சுவிட்டவர்கள் கொடுத்தார்கள்.

எல்லையை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எத்தனாலுக்கு ஒரு பங்குக்கு 9 பங்கு காற்றே போதும். அதனால் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை, சுத்தப் பெட்ரோலுக்குக் கணக்குப் போட்ட என்ஜினில் ஊற்றினால் 7, 8 சதவீதம் கூடுதலாகத் தேவைப்படும். இருக்கும் 25இல் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. எத்தனால் அளவு இன்னும் ஏறினால் விரிந்த எல்லை தேவைதான். பெரிய இன்ஜெக்டர் மாட்டியவர்களும் அதையே கேட்பார்கள். ஆனால் நல்ல டியூனர் முதலில் அடிப்படைக் கணக்கைத் திருத்துவார். திருத்தம் பூஜ்யத்தை ஒட்டி வரும்வரை அட்டவணையைச் சீராக்கிவிட்டு, எல்லையைப் பழையபடி விட்டுவைப்பார். அடுத்து எங்காவது குழாய் வெடித்தால் வண்டி சொல்ல வேண்டுமே.

நாமும் அலுவலகத்தில், வீட்டில், உடம்பில் இப்படித்தானே சமாளித்துக்கொண்டு போகிறோம் என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் நமக்கு 25 என்று யாரும் எழுதிவைக்கவில்லை. காருக்கு எழுதிவைத்திருக்கிறார்கள், ஒரு நகரம் மூச்சுத்திணறிய பிறகு. அந்த எண்ணை 40 ஆக்க மடிக்கணினியில் சில நொடி போதும். மாற்றும் முன், கார் இப்போது எதைச் சரிக்கட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடலாம்.